கீபோர்டு மேல துண்டு

கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்றது எனக்கு சின்ன வயசுலேருந்தே பிடிக்காது சார். தாம்பரத்துல எங்க வீட்டு சிஸ்டம் எப்பவும் ஓடிக்கிட்டேதான் இருக்கும். கரன்ட் பில்லு வந்தா அம்மா திட்டுவாங்க.

நான் வேலை பாக்குற சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனில தகடு அடிக்கிற பிரஸ். பக்கத்துல கம்ப்யூட்டர், அதுக்குள்ள ஒரு கார்டு. அந்தக் கார்டுதான் பிரஸ்ஸை ஏறு, இறங்குன்னு சொல்லும். அடிக்கடி படுத்துரும். படுத்தா பிரஸ்ஸோட மெயின் சுவிட்சை இறக்கணும், ரீபூட் பண்ணணும், மறுபடி எண்ணெய் பிரஷர் ஏறணும். பாதி காலை போயிடும்.

கார்டை ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர்ல நான் ஒரு கமாண்ட் எழுதினேன். கார்டோட செட்டிங்கை எடுத்து வச்சுக்கிட்டு, கார்டை மட்டும் ரீசெட் பண்ணி, திரும்ப ஊட்டிடும். கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு ஓடும். மெயினைத் தொடவே வேணாம். முதலாளி சிட்டிபாபுகிட்ட அப்படித்தான் சொன்னேன்.

ஒண்ணை மட்டும் சொல்லல. பிரஸ்ஸுக்குப் பதிலா பல்பு மாட்டி டெஸ்ட் பண்ணப்போ, ரீசெட் ஆகும்போது எல்லா பல்பும் ஒரு தடவை மின்னுச்சு. பிரஸ்ஸை இறங்குன்னு சொல்ற பல்பும்தான். ரீபூட்லயும் மின்னும், அதனாலதான் மெயினை இறக்குறது. சொன்னா, "அப்போ ரீபூட்டே போதும்பா"ன்னுடுவார். நான் எழுதினதெல்லாம் வீண்.

அன்னிக்கு ஆர்டர் குடுக்குற பார்ட்டி வந்து நின்னாங்க. "இவங்க முன்னாடி படுத்துச்சுன்னா, நீ அப்படியே ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்துடு"ன்னார் முதலாளி. படுத்துச்சு. உள்ள தகடும் சிக்கிக்கிச்சு.

பிரஸ் ஓட்டுறது லாசரஸ் அண்ணன். "இன்னா இஞ்சினியரே, உன் கார்டுக்கு மறுபடி மயக்கமா"ன்னு சிரிச்சார். தோள்ல கிடந்த துண்டை எடுத்து கீபோர்டு மேல போட்டார். அது அங்க வழக்கம் சார். மெயினை இறக்கினா நேரமாகும்னு, துண்டைப் போட்டுட்டுதான் கைய விடுவார். துண்டு கிடந்தா யாரும் கீபோர்டைத் தொட மாட்டாங்க. எனக்கும் தெரியும்.

"இரு தம்பி, எடுத்துக்கினு சொல்றேன்"ன்னார். ரெண்டு கையும் உள்ள.

நான் இருந்தேன் சார். பார்ட்டி வாட்சைப் பாத்தாங்க. முதலாளி என்னைப் பாத்தார். இந்த வேலைக்கு முன்னாடி நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்ல. இதுவும் போச்சுன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறது? மின்னுற நேரம் ரொம்ப கம்மி, அதுக்குள்ள பிரஸ் முழுசா இறங்காதுன்னு கணக்குப் போட்டேன். கமாண்டை அடிச்சேன்.

முழுசாதான் இறங்குச்சு.

ஸ்கிரீன்ல கார்டு ரெடின்னு வந்துச்சு. கம்ப்யூட்டர் ஒரு செகண்டுகூட நிக்கல, அதையும் எழுதிக்கங்க சார்.

துண்டை எடுத்தது நான்தான். ஆனா தூக்கி எறியல. நல்லா மடிச்சு அவர் ஸ்டூல் மேல வச்சேன். அண்ணன்மேல எனக்கு எப்பவுமே மரியாதை உண்டு.