பில் மிஷின்

என் மூக்கு நுனியில் இருக்கும் தழும்பைப் பார்த்து, எந்தச் சண்டையில் வாங்கியது என்று கேட்பார்கள். ஒயர்களைப் பற்றவைக்கும் சூடான சாலிடரிங் அயர்னைக் கையில் வைத்துக்கொண்டே மூக்கைச் சொறிந்தேன், அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஆள்தான் சொந்தமாகக் கேமரா செய்யக் கிளம்பினேன்.

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கம்ப்யூட்டர், கடைகளில் பில் அடிக்கும் சின்னப் பிரிண்டர், ஒரு லென்ஸ், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த சாப்பாட்டு டப்பா. பொத்தானை அழுத்தினால் டப்பாவின் வாய் வழியாகக் கறுப்பு வெள்ளைப் படம் ஊர்ந்து வரும். முதல் படத்தில் என் கட்டைவிரல் மட்டும் விழுந்தது. அதையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினேன்.

தங்கையின் கணவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பில் மிஷின் பிரமாதம் மச்சான், ரெண்டு கிலோ சர்க்கரைக்குப் போடுங்க" என்றார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து கேமராவுக்கு அதுதான் பெயர், போகப்போக எனக்கும். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

பிறகு அவர் நோயில் படுத்தார். முடி கொட்டியதும் யாரையும் படமெடுக்க விடவில்லை. தங்கை செல்போனை நீட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் டப்பாவோடு போன அன்று மட்டும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "வந்துட்டாரு பில் மிஷின்" என்று கண் இடுங்கச் சிரித்தார். அழுத்தினேன். வந்த சீட்டைத் தங்கையிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் அவர் போய்ச் சேர்ந்தார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் அந்தச் சீட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். கல்யாண ஆல்பத்தில்கூட விறைப்பாக நிற்கிறவர், வாய்விட்டுச் சிரித்த ஒரே படம் அதுதான். என்ன களை என்றார்கள். எடுத்தது யார் என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. நானே பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமினேன். தண்ணீர் வேண்டுமா என்றார்கள்.

காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு தங்கை வந்தாள். "அண்ணா, இதை லேமினேஷன் பண்ணி வச்சுக்கட்டுமா? அழியாம இருக்கும்ல?"

அந்தப் பிரிண்டரில் மை கிடையாது. காகிதத்தில் சூடு பட்ட இடம் கறுக்கும், அதுதான் படம். லேமினேஷன் மிஷினோ இஸ்திரிப் பெட்டிக்கு அண்ணன். இது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"தாராளமா பண்ணும்மா" என்றேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அவள் கையில் பளபளவென்று ஒரு கறுப்பு அட்டை. கடைக்காரரைத் திட்டித் தீர்த்துவிட்டு வந்திருந்தாள். பாவம், அவருக்கு என்ன நடந்ததென்றே புரியவில்லையாம். கேமராவில் இன்னொன்று இருக்குமா என்று கேட்டாள். அதில் எதுவும் தங்காது, அடித்ததோடு சரி என்றேன். தரையில் உட்கார்ந்து அந்தக் கறுப்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

படம் இருக்கிறது. மெமரி கார்டில் பத்திரமாக இருக்கிறது. அவ்வப்போது ஒன்று அடித்துப் பார்ப்பேன். உண்மையிலேயே நல்ல படம், வெளிச்சம் கச்சிதம். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. என் கேமராவைப் பற்றி அவள் வாயால் ஒரே ஒரு நல்ல வார்த்தை வரட்டும், அந்த நிமிடமே அடித்துக் கொடுத்துவிடுவேன்.