பிளாஸ்டிக் மாலை

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன்.

வேங்கிக்கால் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சன்னலில் மலை பாதி மேகத்துக்குள் இருந்தது.

“செத்தவரு இன்னும் பூ குடுக்கலக்கா.”

“எந்தச் செத்தவரு?”

“டிரஸ்ட் பெரியவருதான். அவரு பேர்லதானே அவங்க குடும்பம் பிள்ளைங்கள படிக்க வைக்குது? மனுவ அவரு படத்துக்கு முன்னாடி படிப்பாங்க. மாலையிலருந்து பூ உதிர்ந்தாதான் உத்தரவு. எம்பொண்ணு நர்சிங் மனுவ ரெண்டு தரம் படிச்சாச்சு.”

“அது பிளாஸ்டிக் மாலைடி. எப்படி உதிரும்?”

இளையவள் மடியிலிருந்த இலைப் பொட்டலத்தைத் தடவினாள்.

“அதான் நானே சாமந்தி மாலை வாங்கியாந்துட்டேன். லூசா கட்டச் சொன்னேன்.”

அவர்கள் இறங்கிப் போனதும் பார்த்தேன். இருக்கையில் ஒரு பூ உதிர்ந்து கிடந்தது.

எழுதத் துணிந்தது இன்றுதான், மார்கழி ஒன்பது.