கோட்டுப் பாக்கெட்டில் சம்பல்

எங்கள் வீட்டு மாமரம் சாய்ந்து கோழிக்கூண்டு நசுங்கியதே, கோழி மட்டும் தப்பித்து ஓடியதே, அதற்கு மறுநாள். பினாங்கு ஃபெரியில், உச்சி வெயிலில், எதிரே மனைவியோடு உட்கார்ந்திருந்த ஒருவர் கம்பளிக் கோட்டோடு வியர்த்துக்கொண்டிருந்தார்.

“கழட்டிடுறேன் சாந்தி.”

“கழட்டாதீங்க லா! வெள்ளிக்கிழமை பாக்கெட்ல நாலு போத்தல் மிளகாய்ச் சம்பலோட பிளேன் ஏறணும். இப்பவே பழகுங்க.”

“பேக்ல வைக்கலாம்ல?”

“இந்த டிக்கெட்டுக்கு பேக் ஆளுக்கு ஏழு கிலோதான் விடுவான். வியன்னாவுல பத்து நாளு வெறும் ரொட்டி என்னால முடியாது.”

“பிடிச்சிட்டா?”

“கோட்டெல்லாம் பாக்கமாட்டான். உங்க மூஞ்சியத்தான் பாப்பான்!”

இருவரும் சிரித்தார்கள்.

விமான நிலையச் சோதனையில் என் மருமகளிடம் ஊறுகாயையே பிடுங்கிக்கொண்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவர்களை யாராவது பார்த்தால் சொல்லுங்கள்: கோட்டையும் கழற்றிச் சோதிப்பார்கள், எண்ணெயும் குழைவுமாக இருப்பதை விடமாட்டார்கள். சம்பலை எண்ணெய் இல்லாமல் மொறுமொறுவென்று வறுத்து எடுத்துப் போகட்டும்.