மெசேஜ் மட்டும் போனா போதும்

– யக்கா, சொம்மா கத வுடாத. ஓடிபி நம்பர சொல்லு, காச குடு, பார்சல வாங்கிக்க. அவ்ளோதான் மேட்டரு.

– அது எனக்கு வராதுப்பா திலீப்பு. என் வூட்டுக்காரரு போனுக்குத்தான் வரும். அவரு இங்க இல்ல.

– போன வாரம் சட்ட கொண்டாந்தேன், இதையேதான் சொன்ன. அதுக்கு முன்னாடி செருப்பு, அப்பவும் இதே பாட்டு. இது மூணாவது தபா. ஐரீன்னு பேர பாத்தாலே குடோன்ல எல்லாவனும் என்ன பாத்து சிரிக்கிறான்.

– சிரிச்சிட்டு போறானுங்க. நீ நாளைக்கி மறுபடியும் கொண்டா.

– இன்னாது?

– நாளைக்கி கொண்டா. நாளான்னைக்கும் கொண்டா. நான் வாணான்னா சொன்னேன்?

– இன்னாக்கா, வெளாட்றியா? கல்மண்டபம் சிக்னல்லேர்ந்து இந்த சந்துக்குள்ள வர்றதுக்குள்ள கண்டெய்னர் லாரிக்கு நடுவுல உசுர கையில புடிச்சிகினு வரேன். அதுக்கப்பறம் மூணு மாடி. லிப்ட்டு கெடியாது.

– தண்ணி குடிக்கிறியா?

– தண்ணி ஒண்ணும் வாணாம். ஒரே வூட்லேர்ந்து மூணு பார்சல் ரிட்டன் ஆச்சின்னா, இவன் வூட்டுக்கே போவாம டகுல் வுட்றான்னு கம்பெனி நெனிச்சிக்கும். என் ஐடிய நிறுத்திடுவான். எங்கம்மா கொடுங்கையூர் குப்பமேட்டுல பொகைய முழுங்கிகினு வேல செய்யுது. இந்த வருசமாவது அம்மாவ வூட்ல ஒக்கார வைக்கலான்னு ஓடிகினு கீறேன். உன்னால என் பொழப்பு பேஜாராவுது.

– நான் இன்னா வேணும்னா பண்றேன்?

– வேணும்னுதான் பண்ற. நான் இப்ப ‘கஸ்டமர் வாங்க மாட்டேன்னுட்டாங்க’ன்னு போட்டுடறேன். அப்பால உன் அக்கவுண்ட அவங்களே மூடிடுவாங்க. உனுக்கும் நிம்மதி, எனுக்கும் நிம்மதி.

– அய்யய்யோ, அத்த மட்டும் பண்ணாதப்பா! மாதா மேல ஆணையா கேக்கறேன், அந்த பட்டன அமுத்தாத!

– யக்கா, கைய வுடு! போனு கீழ வுழுந்துடும்.

– அந்த அக்கவுண்டு போச்சின்னா எனுக்கும் அவருக்கும் நடுவுல வேற ஒண்ணுமே இல்லப்பா.

– ஒரு ஷாப்பிங் ஆப்புக்கா இப்டி அழுவுற?

– நீ காலைல பார்சல தூக்கிகினு கெளம்பசொல்ல அவரு போனுக்கு ஒரு மெசேஜ் போவும்ல? இன்ன பொருளு இன்னிக்கி வருதுன்னு, பேரோட?

– போவும். ஆர்டர் போட்டா ஒண்ணு. நான் கெளம்புனா ஒண்ணு. ஓடிபியோட ஒண்ணு.

– அதுக்குத்தான் போட்றேன். பொருளு யாருக்கு வேணும்? மெசேஜ் மட்டும் போனா போதும்.

– ஏன், உங்கிட்ட போனு இல்லியா? நேரா கூப்ட்டு பேச வேண்டிதானே?

– என் நம்பர பிளாக் பண்ணிட்டாரு. பத்தொம்போது நாளாச்சி. பக்கத்து வூட்டு ரூஹி போன்லேர்ந்து பேசுனேன், என் கொரல கேட்டதுமே கட் பண்ணாரு. அப்பால அந்த நம்பரும் பிளாக்கு. எங்க அண்ணன் நம்பரும் பிளாக்கு. அக்கவுண்டு ஆரம்பிக்கசொல்ல அவரு நம்பர குடுத்தோம் பாரு, அந்த ஒண்ணுதான் இன்னும் தொறந்து கீது.

– ஆளு எங்க கீறாரு?

– எண்ணூர்ல, அவங்க அக்கா தேவப்பிரியம் வூட்ல. ஆர்பருக்கு டிரெய்லர் ஓட்றாருல்ல, அங்கேர்ந்தே டூட்டிக்கு போறாரு.

– எண்ணூரு இன்னா டெல்லியா? பஸ் ஏறுனா போச்சி.

– போவாமயா? ரெண்டு தபா போனேன். அந்தம்மா கதவையே தொறக்கல. ஜன்னல்லேர்ந்தே, தம்பி தூங்குறான், கெளம்புன்னுட்டாங்க. தெருவே நின்னு வேடிக்க பாக்குது.

– அப்டி இன்னாக்கா சண்ட?

– இந்த பாழாப்போன போனுதான். சோறு போடசொல்லகூட ஒரு கையில போன்ல பொடவையா தள்ளிப் பாத்துகினு இருந்தேன். வாங்கறது கூட இல்லப்பா, சொம்மா பாக்கறதுதான். எந்நேரமும் இதானான்னு புடுங்கி வீசினாரு. எனுக்கும் சுர்ருன்னு ஏறிட்ச்சி. ஒரு வார்த்த வுட்டுட்டேன்.

– இன்னா வார்த்த?

– வாணாம், வுடு.

– சொல்லுக்கா. அமுத்தறதா வாணாமான்னு நான் முடிவு பண்ணணும்ல.

– கல்யாணமாயி ஆறு வருசம். கொழந்த இல்ல. கோயில்ல, கல்யாண வூட்ல, போற எடமெல்லாம் என்னியதான் கேப்பாங்க. அவரு ஒரு தபாகூட கேட்டது கெடியாது. எவனாவது கேட்டா எனுக்கு முன்னாடி அவரு சண்டைக்கு போவாரு. அந்த மனுசன பாத்து, ‘ஒரு புள்ள குடுக்க வக்கில்ல, போன புடுங்க மட்டும் கை வருதா’ன்னுட்டேன்.

– யக்கா!

– தெரியும்ப்பா. வாயா இது, கூவம்.

– அது எந்த ஆம்பளையும் தாங்க மாட்டான்க்கா.

– தட்டுல கைய கழுவிட்டு, சட்டைய மாட்டிகினு பூட்டாரு. ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தாகூட தாவலாம்போல. அவரு போன அஞ்சாம் நாளு எனுக்கு தல சுத்தி வுழுந்தேன். ஆஸ்பத்திரிக்கு போனா, ரெண்டு மாசம்ன்றாங்க.

– இன்னாது? நெசமாவா?

– நெசம்தான். ரூஹிக்கே இன்னும் சொல்லல. மொதல்ல அவரு காதுல வுழணும். தேவப்பிரியம் வாசல்ல நின்னுகினு கத்துற சேதியாப்பா இது?

– அப்போ அந்த சட்ட, செருப்பெல்லாம்…

– எல்லாம் அவரு சைஸு. வூட்டுக்கு வான்னு அர்த்தம். கண்டுக்கவே இல்ல. அதான் இந்த தபா நேராவே சொல்லிட்டேன். பார்சல் மேல படி.

– ‘பிறந்த குழந்தைக்குப் பருத்தி உடை, ஆறு உருப்படி, தொப்பியுடன்.’

– இத்த பாத்தா புரியும்ல?

– எனுக்கே ஒடம்பு சிலுத்துகிச்சி, அவருக்கு புரியாதா? சரி வுடு. ‘வீட்டில் ஆள் இல்லை, நாளைக்கு’ன்னு போட்டுடறேன். காலைல இன்னொரு தபா மெசேஜ் போவட்டும். ஐடிக்கு எதுனா ஆச்சின்னா பாத்துக்கலாம்.

– நீ நல்லா இருக்கணும்ப்பா.

– இரு, இரு. அடுத்த டெலிவரி காட்டுது. இதுவும் இந்த தெருதான். யக்கா, இதுவும் உன் வூடுதான்!

– நான் வேற ஒண்ணும் போடலயே.

– காசு கட்டி வந்துகீது, ஓடிபி வாணாம். போட்டது நோயலாம்.

– நோயலா? அவருதாம்ப்பா! என் வூட்டுக்காரரு! என்னிக்கி போட்டாரு?

– செவ்வாக்கெழம.

– நான் கொழந்த துணி போட்டது திங்கக்கெழம! பாத்துட்டாரு! ஏசுவே, பாத்துட்டாரு! ரெண்டு நாளா நெட்டு தீந்துபோயி நான் ஆப்பையே தொறக்கல. இன்னா பொருளு?

– பேரு வரல. பெரிய டப்பா. வண்டி பின்னாடி கட்டி வச்சிகீறேன். சக்கரம் இருக்கும்போல, உள்ள உருளுது.

– தள்ளுவண்டி! கொழந்தைய ஒக்கார வச்சி பீச்சாண்ட தள்ளிகினு போவாங்களே, அதேதான்!

– யக்கா, படியில ஓடாத! இந்த மாரி நேரத்துல! நீ ஒக்காரு, நான் தூக்கியாறேன்.

– பாத்து தூக்குப்பா! இடிச்சிடாத!

– …அப்பாடா. இந்தா, எறக்கிட்டேன். கையெழுத்து போடு.

– தள்ளுவண்டிதானே?

– இல்லக்கா. ‘சூட்கேஸ், பெரியது’ன்னு போட்டுகீது.

– பொட்டியா? ஆங், புரிஞ்சிட்ச்சி. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு போவசொல்ல துணி எடுத்துகினு போவணும்ல. எம்மாம் முன்யோசன பாரு அந்த ஆளுக்கு! ஏன்ப்பா உன் மூஞ்சி ஒரு மாரி கீது?

– மேல ஒரு சீட்டு ஒட்டிகீது. கிப்ட்டு குடுக்கறவங்க எழுதி அனுப்புவாங்களே, அது.

– படி, படி! எனுக்கு கண்ணுல தண்ணி நிக்குது, எழுத்தே தெரியல.

– நீயே அப்பால படிச்சிக்கக்கா. நான் வரேன்.

– எம்மாம் நாளா காத்துகினு கீறேன், படின்றேன்ல!

– ‘ஐரீன், ஒரு தபா சொன்னது பத்தலன்னு இப்ப கொழந்த துணி ஆர்டர் போட்டு குத்திக்காட்றியா? இந்தா பொட்டி, உன் துணிய அடுக்கு. ஞாயித்துக்கெழம வருவேன், அப்ப நீ வூட்ல இருக்கக் கூடாது.’