கொக்கியில் தகடு இல்லை

எனது பெயர் உஷாராணி, தகப்பனார் பெயர் தெய்வநாயகம். வயது 41. எண் 17, ஜாலான் மெலூர் 3, தாமான் மெலூர், மேரு, கிள்ளான் என்ற முகவரியில் என் கணவர் வாசுவுடன் குடியிருக்கிறேன். அவர் லோரி ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. நான் பள்ளியில் மூன்றாம் படிவம் வரை படித்திருக்கிறேன். 15.5.2024 புதன்கிழமை காலை 10.20-க்கு விசாரணை அதிகாரியின் முன்னிலையில் நான் தமிழில் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் நித்யா எழுதிக்கொள்கிறார். என்னை யாரும் மிரட்டவில்லை. தேநீர் கொடுத்தார்கள், குடித்தேன். என் வலது கையில் இருக்கும் கட்டு கரடி கடித்ததற்குப் போட்டது, போலீசார் அடித்ததல்ல.

இரண்டு விஷயங்களுக்காக நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். நேற்றுக் காலை, நான் வேலை செய்யும் தனியார் மிருகக்காட்சிசாலையில், அதாவது ஸூவில், என் கணவரின் தம்பி குகன், வயது 29, கரடி தாக்கி இறந்தது ஒன்று. அன்றே மதியம் எங்கள் மேலாளர் தம்புசாமியை, வயது 53, நான் இரும்புக் கம்பியால் அடித்தது இன்னொன்று. அடித்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் குகன் உள்ளே இருப்பது தெரிந்தும், குடும்பச் சண்டையை மனதில் வைத்துக்கொண்டு நான் கரடியைத் திறந்துவிட்டதாகத் தம்புசாமி எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அது பச்சைப் பொய். அதற்காகத்தான் ஒன்று விடாமல் வரிசையாகச் சொல்கிறேன்.

நான் அந்த ஸூவில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். முதலில் டிக்கெட் கவுண்டரில் ஒரு வருடம் இருந்தேன். அதன் பிறகு எட்டு மாதம் தோளில் மலைப்பாம்பைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களோடு படம் எடுப்பதற்கு நின்றேன். அதன் பிறகு இரண்டு வருடம் தீவனச் சமையலறையில் பப்பாளி நறுக்கினேன், கோழி வெட்டினேன். அதன் பிறகு கரடிப் பிரிவுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டேன். ஸூ வேலை என்றால் புலிக்குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சுவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். முக்கால்வாசி வேலை பீ அள்ளுவது. மீதி வேலை கதவு திறப்பது, கதவு மூடுவது. அதில் ஒன்று பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு நேற்றைய நாளே சாட்சி.

குகன் முன்பு செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் நான்தான் தம்புசாமியிடம் போய் நின்று, கரடிப் பிரிவில் துப்புரவு வேலை வாங்கிக் கொடுத்தேன். எங்கள் வீட்டிலேயே தங்கினான். சட்டைப் பொத்தான் அறுந்தாலும் அண்ணி, கரடிக்குப் பேதி என்றாலும் அண்ணி. நாளைக்கு நூறு தடவை கூப்பிடுவான். எரிச்சலாகக்கூட இருக்கும்.

இந்த மாதத் தொடக்கத்தில் கரடிப் பிரிவுக்குத் தலைவர் வேலை காலியாக இருப்பதாக அலுவலகத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பதினான்கு வருடம் உழைத்த எனக்குத்தான் அது என்று நினைத்து விண்ணப்பம் கொடுத்தேன். 3.5.2024 வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குப் போனபோது மேசையில் குகனின் விண்ணப்பமும் இருந்தது. அவன் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துத் தேறியவன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சாப்பிடும்போது, "நான் வாங்கிக் கொடுத்த வேலையில நின்னுக்கிட்டு என் தலையிலயே ஏறப் பாக்குறியா?" என்று கேட்டேன். "ஃபாரம் போடறதுக்குக்கூட உங்ககிட்ட பர்மிஷன் கேக்கணுமா அண்ணி?" என்றான். நான் தட்டை அவன் முன்னாலிருந்து எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து பேச்சு நின்றது. சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன், அவன் போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பான். ஒரே காரில் வேலைக்குப் போனோம், ரேடியோ மட்டும் பேசும். பதினோரு நாள் இப்படிப் போனது. ஸூவில் எல்லோருக்கும் இது தெரியும்.

கரடிப் பிரிவு எப்படி இருக்கிறது என்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். பின்னால் கூண்டு இருக்கிறது, முன்னால் மரக்கட்டைகள் போட்ட முற்றம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மேலே தூக்கும் இரும்புக் கதவு. அதன் கைப்பிடி கூண்டுக்குப் பக்கத்து நடைபாதையில் உள்ளது. அங்கே நிற்பவருக்கு முற்றம் தெரியாது, சுவர் மறைக்கும். முற்றத்தைக் கழுவப் போகிறவர் சுற்றிப் போய்ச் சின்னக் கதவு வழியாக நுழைவார். நுழைவதற்கு முன்னால் தன் பெயர் எழுதிய சிவப்புத் தகட்டைக் கைப்பிடியில் உள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் அதை எடுத்து, அலுவலகச் சுவரில் இருக்கும் பலகையில் மாட்ட வேண்டும். தகடு கொக்கியில் இருந்தால் அதைக் கழற்றாமல் கைப்பிடியைப் பிடிக்கவே முடியாது. தகடு இல்லாவிட்டாலும் உள்ளே போனவர் பெயரைச் சொல்லி மூன்று தடவை சத்தமாகக் கூப்பிட்டு, பதில் வராவிட்டால்தான் இழுக்க வேண்டும். இதுதான் விதி. இதில் எங்கள் ஆட்கள் செய்கிற தப்பு, வெளியே வந்த பிறகும் தகட்டை எடுக்காமல் மறந்து போய்விடுவது. மறுநாள் வரை தொங்கும்.

எங்களிடம் ஒரே கரடிதான், பெயர் கோப்பி. சூரியக் கரடி. எடை அறுபத்தைந்து கிலோ. வருகிறவர்கள் எல்லாம் குட்டிக் கரடி, அழகாக இருக்கிறது என்பார்கள். அது குட்டி இல்லை. அதன் நகம் என் விரல் நீளம். தென்னை மரத்தை உரித்துக் குருத்தைத் தின்கிற பல் அதற்கு.

14.5.2024 காலை ஏழரைக்கு வேலைக்கு வந்தோம். லைசன்ஸ் பார்க்கப் பத்து மணிக்கு அதிகாரிகள் வருவதாக இருந்தது, அதனால் தம்புசாமி காலில் வெந்நீர் கொட்டியவர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தார். 8.40-க்குக் குகன் வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு முற்றத்துப் பக்கம் போனான். நான் சமையலறையில் கோப்பிக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். வழக்கமாக அவன் கழுவி முடிக்க இருபது நிமிடம் ஆகும். அதன் பிறகு 9.05-க்கு நடைபாதைக்கு வந்தேன். கொக்கியைப் பார்த்தேன், தகடு இல்லை. "கோப்பி, போ" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியை இழுத்தேன். கதவு மேலே போனது, கோப்பி வெளியே போனது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "அண்ணி" என்று ஒரு குரல் கேட்டது. அதன் பிறகு வாளி உருளும் சத்தம் கேட்டது. அதன் பிறகு கேட்ட சத்தத்தை எப்படி எழுதுவது என்று நித்யா கேட்டார். எழுத வேண்டாம் என்று சொன்னேன்.

கால்வாய் அடைப்புக் குத்துகிற இரும்புக் கம்பி சுவரில் சாய்த்திருந்தது, அதை எடுத்துக்கொண்டு சுற்றி ஓடிச் சின்னக் கதவைத் திறந்தேன். குகன் மல்லாந்து கிடந்தான். கோப்பி அவன் நெஞ்சின் மேல் ஏறி நின்று முகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் அதன் முதுகில் அடித்தேன், அது திரும்பவில்லை. மூக்கில் அடித்தேன், திரும்பி என் முன்கையைக் கவ்வியது. கையைக் கொடுத்துவிட்டு மற்றக் கையால் கம்பியை அதன் வாய்க்குள் செருகினேன். விட்டுவிட்டுப் போனது. போய், குகன் மரக்கட்டை ஓட்டையில் பூசி வைத்திருந்த தேனை நக்க ஆரம்பித்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி. நான் குகனின் காலைப் பிடித்து இழுத்தேன். ஒரு பூட்சு கழன்று என் கையோடு வந்துவிட்டது, திரும்பவும் கணுக்காலைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டுக் கதவை மூடினேன். இடது கன்னமும் காதும் இல்லை. கழுத்தில் இரண்டு விரல் போகிற அளவுக்கு ஓட்டை இருந்தது, அதில் என் தலைத்துணியைத் திணித்து அமுக்கிப் பிடித்தேன். ரத்தம் சுடச்சுட வந்தது. அவன் கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

ஆம்புலன்ஸ் 9.31-க்கு வந்தது. நானும் ஏறிப் போனேன். 11.40-க்கு இறந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். அவர் சொல்லும்போதுதான் குகனின் பூட்சு இன்னும் என் கையில் இருப்பதைப் பார்த்தேன். வாசுவுக்குப் போன் செய்ய என் போனை எடுத்தேன். எங்கள் வேலையாட்கள் வாட்ஸ்அப் குழுவில் 8.52-க்குத் தம்புசாமி ஒரு படம் போட்டிருந்தார். அலுவலகப் பலகையில் எல்லாத் தகடுகளும் வரிசையாகத் தொங்கும் படம். கீழே "எல்லாம் ரெடி" என்று எழுதியிருந்தார். கரடிப் பிரிவு வரிசையில் குகனின் தகடும் தொங்கியது. அந்த நேரத்தில் குகன் முற்றத்துக்குள் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தான். அந்தப் போனை இப்போது அதிகாரியிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

அதன் பிறகு வாசு ஆஸ்பத்திரிக்கு வந்தார், அவரைக் குகனிடம் விட்டுவிட்டு மதியம் 1.50 அளவில் ஸூவுக்குத் திரும்பினேன். போலீசார் வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கோப்பி பசி எடுத்துத் தானாகக் கூண்டுக்குள் வந்திருக்கிறது, கதவை இறக்கிவிட்டுக் கம்பிக்கு வெளியிலிருந்து அதைச் சுட்டிருக்கிறார்கள். மூன்று குண்டு. கஞ்சித் தட்டில் முகம் வைத்துக் கிடந்தது. நான் திரும்பிக் கைப்பிடியைப் பார்த்தேன். கொக்கியில் குகனின் தகடு தொங்கியது.

தம்புசாமி குழாயைத் திறந்துவிட்டு நடைபாதையைக் கழுவிக்கொண்டிருந்தார். மேலாளர் துடைப்பம் பிடித்து நான் பார்த்தது அன்றுதான். "அக்கா, தகடு இருக்கும்போதே இழுத்துட்டீங்க. ஏதோ கவனம் இல்லாம நடந்துருச்சுன்னு சொல்லுங்க, நான் பாத்துக்கறேன் லா" என்றார். நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் முகம் செத்துவிட்டது. "நேத்து மாட்டினதை எடுக்க மறந்துட்டான்னு நினைச்சேன் அக்கா. அதிகாரிங்க வராங்களேன்னு எடுத்துப் பலகையில போட்டேன். வேணும்னேவா செஞ்சேன்?" என்றார். "எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு குரல் கொடுத்தா உங்க வாயா தேஞ்சிடும்?" என்று கேட்டேன். அதற்கு அவர், "நீங்க கொடுத்தீங்களா அக்கா?" என்று திருப்பிக் கேட்டார்.

காலையில் நான் முற்றத்தில் போட்ட கம்பியை யாரோ நடைபாதை வாசலில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள், அதை எடுத்தேன். முதல் அடி அவர் கையைத் தூக்கியதால் முழங்கையில் விழுந்தது, எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது அடி தாடையில். கீழே விழுந்தார். "அக்கா, பிள்ளைங்க இருக்கு" என்றார், வார்த்தை உடைந்து வந்தது. மூன்றாவது முழங்காலில், நான்காவது முதுகில் அடித்தேன். அவருடைய பல் ஒன்று தரையில் விழுந்து, குழாய்த் தண்ணீரோடு கால்வாய்க்குள் ஓடியது. அதன் பிறகு எத்தனை அடி என்று எனக்குக் கணக்கு இல்லை. பாதுகாவலர் தனேஷ் பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும்வரை அடித்தேன். அவர் சாக வேண்டும் என்று நினைத்தாயா என்று அதிகாரி கேட்டார். அந்த நேரத்தில் ஆமாம். இப்போது இல்லை. தாடையைக் கட்டியிருப்பதால் எழுதிக் காட்டித்தான் வாக்குமூலம் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். தாடை சேர்ந்த பிறகு, தகட்டை எடுத்ததும் திரும்ப மாட்டியதும் தான்தான் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும்.

கதவை இழுப்பதற்கு முன்னால் குகனின் பெயரைக் கூப்பிட்டாயா என்று அதிகாரி என்னிடமும் கேட்டார். நடைபாதையில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன், நான் எதைச் சொன்னாலும் மறுக்க ஆள் இல்லை. கூப்பிட்டேன், பதில் வரவில்லை என்று சொல்லிவிடு என்று வாசுவே இன்று காலை என்னிடம் சொன்னார். தம்பியைப் பறிகொடுத்தவர் அவர், என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். நான் கூப்பிடவில்லை. பதினோரு நாளாக அவன் பெயரை நான் சொல்லவில்லை, அன்றும் சொல்லப் பிடிக்கவில்லை. முதலில் வாய் திறப்பது நானாக இருக்கக் கூடாது என்கிற திமிர். கொக்கியில்தான் தகடு இல்லையே, கூப்பிட்டுத்தான் ஆக வேண்டுமா என்று நினைத்தேன். கரடியின் பெயரைச் சொன்னேன், அவன் பெயரைச் சொல்லவில்லை. என் குரல் அவனுக்குக் கேட்டிருக்கும். அவன் வீம்பு பார்க்காமல் என்னைக் கூப்பிட்டான். தகட்டை எடுத்தது தம்புசாமி. கூப்பிடாமல் இழுத்தது நான். தம்புசாமியை அடித்தது தகட்டுக்காக அல்ல, அந்தக் கேள்விக்காக. இதற்கு என்ன சட்டமோ அதைச் செய்யுங்கள்.

நான் சொன்னது முழுவதையும் மொழிபெயர்ப்பாளர் நித்யா தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, பொய் ஒன்றும் கலக்கவில்லை. ஒரு திருத்தம் மட்டும் கேட்டேன். எழுதும்போது பல இடங்களில் "இறந்தவர்" என்று போட்டிருந்தார்கள். அது எல்லாவற்றையும் அடித்துவிட்டு "குகன்" என்று எழுதச் சொன்னேன். எழுதினார்கள். திருத்திய ஒவ்வொரு இடத்திலும், அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

(ஒப்பம்) தெ. உஷாராணி
15.5.2024, பகல் 12.45