ஓடைக்கரையில் போட்ட பந்தி

பாலக்கோட்டில் பஸ் கிளம்பியதும் முன்சீட்டு அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "போன வருசம் மொதலாளிங்க எல்லாரையும் பட்டினி போட்டுட்டேன்." அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"எந்த மொதலாளிங்களக்கா?"

"மாங்கூழ் கம்பெனி மொதலாளிங்கதான், என்னையும் சேத்து. மெட்ராஸ்காரர் கையில இருந்தப்ப கழிவுத்தண்ணிய எங்க ஓடையில வுட்டாங்க. கேட்டா, மேல சொல்றோம்பாங்க. நாத்தம் மெட்ராஸ் வரைக்கும் போவுமா?"

"அதான் வெவசாயிங்க நீங்களே பங்கு போட்டு வாங்கிட்டீங்களே."

"வாங்கியும் அதே கதைதான். சுத்திகரிப்புத் தொட்டிய அப்பறம் பாக்கலாம், மொதல்ல லாபத்தப் பிரிங்கன்னாங்க. பங்குக்காரங்க வருசக் கூட்டத்துக்குச் சாப்பாடு எம்பொறுப்பு. ஓடைக்கரையிலயே எலை போட்டுட்டேன்."

"அய்யய்யோ."

"ஒருத்தருக்கும் ஒரு வாய் எறங்கல. ஒரு கையில மூக்கப் பொத்திக்கிட்டு, மறு கையத் தொட்டி கட்டலாம்னு தூக்குனாங்க. அவுங்கவுங்க எலையில ஒக்காந்தாத்தான் ஈ கண்ணுக்குத் தெரியும்."

"இப்பத் தொட்டி கட்டியாச்சா?"

"கட்டாம? நேத்து அதே கரையிலதான் கூட்டம். ஓடைத் தண்ணியில எங்க எருமை சொகமாப் படுத்துக் கெடக்குது. இவுங்க ரசத்துக்கு ரெண்டாந்தடவ சோறு கேக்கறாங்க. ஆக்குன சோறு பத்தல. இந்த வருசம் நான்தான் பட்டினி."