கைராசிக்காரியின் மீட்டர்

ரிப்பேர் மேசையில் வேண்டிய வோல்ட்டை வைத்து மின்சாரம் எடுக்கும் பெட்டிதான் பவர் சப்ளை. அதைப் பழையதாக வாங்குகிறவர்கள் வெளித்தோற்றத்தைப் பார்த்தே ஏமாந்துபோகிறார்கள். கீறல் இருக்கிறதா, குமிழ் உடைந்திருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். முன்னால் எரியும் எண் உண்மைதானா என்று பார்ப்பவர்கள் குறைவு. பன்னிரண்டு வோல்ட் என்று காட்டினால் பன்னிரண்டுதான் வெளியே வருகிறது என்று நம்பிவிடுவார்கள். நான் அப்படி நம்புகிற ஆள் இல்லை. அளந்து பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மூடவிருந்த ஒரு பயிற்சிக்கூடத்திலிருந்து அப்படி ஒன்றை மலிவாக வாங்கி வந்தவள் என் மனைவி. எங்கள் இருவருக்கும் ஒரே ரிப்பேர் கடை. வாசல் பக்கம் என் மேசை, சுவரோரம் அவளுடையது. தொழிலைக் கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம்தான் கற்றாள். ஆரம்பத்தில் ஒரு வயரைத் தொடுவதற்கு முன்னாலும், "ஏங்க, இது சரியா பாருங்க" என்பாள். போகப்போகக் கேட்பது குறைந்தது. பிறகு கேட்பதே இல்லை.

வாடிக்கையாளர்கள் என் மேசையைத் தாண்டிப்போய் அவளிடம் கொடுத்தார்கள். "அக்காவுக்குக் கைராசி அண்ணே. செத்ததுகூட எந்திரிச்சு உக்காருது" என்று என்னிடமே சொல்வார்கள். என் தம்பி ஒருநாள், "பேசாம கடை போர்டுல அண்ணி பேரைப் போட்டுட்டு நீ டீ வாங்கிக் கொடு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. அதை மறைப்பதற்கில்லை.

வந்தபோது அந்தப் பவர் சப்ளை உயிரில்லாமல் இருந்தது. நானே சரிசெய்து தருகிறேன் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே கண்டென்சர்கள் உப்பியிருந்தன, மாற்றினேன். விசிறியில் அடைத்திருந்த தூசியை எடுத்தேன். குமிழைத் திருப்பினால் எண்கள் துள்ளின. துடைத்து மருந்து அடித்ததும் சாதுவாயின. அதன்பின் நன்றாகச் சூடேறும் வரை ஓடவிட்டேன். குளிர்ந்து கிடக்கும் கருவியில் அளவு பார்ப்பது அரைகுறைகளின் வேலை.

எண் காட்டும் பலகைக்குப் பின்னால் கடுகளவு திருகு ஒன்று உண்டு. அதைத் திருப்பி, உண்மையான அளவைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகக் காட்டும்படி வைத்தேன். திருகு அசையாமலிருக்க அவளுடைய நெயில் பாலிஷில் ஒரு சொட்டு விட்டேன்.

அவள் விவரமானவள். வோல்ட் அளக்கும் தன் மீட்டரை வைத்துப் பார்க்காமல் விடமாட்டாள் என்று தெரியும். அதனால் அவள் வெளியே போயிருந்தபோது அந்த மீட்டரையும் திறந்து, அதே அளவுக்குக் குறைத்து வைத்தேன். என் மீட்டரை யாரும் தொடக் கூடாது என்பது கடையின் சட்டம். அது என் இழுப்பறைக்குள் பூட்டியே இருக்கும்.

"ரெண்டும் அச்சு அசலா ஒத்துப்போகுதுங்க" என்றாள் அவள், சிறுபிள்ளை போல.

"நான் பார்த்ததாச்சே" என்றேன்.

அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பெரும்பாலான சாமான்கள் தாங்கிவிடும். பேட்டரிகள் தாங்காது. அளவுக்கு மீறி மின்சாரம் ஏறி உள்ளுக்குள் காய்ந்துபோகும். போதாக்குறைக்கு, நிறைந்த பேட்டரியையும் அவள் மீட்டர் நிறையவில்லை என்றே காட்டும். அவள் மேலும் ஏற்றுவாள். புது டார்ச் செல்லை அளந்து பார்த்துவிட்டு, "கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில கட்டிட்டான்" என்று திட்டினாள். அவளோடு சேர்ந்து நானும் அந்தக் கடைக்காரனைத் திட்டினேன். பாவம், அவன் நல்ல செல்தான் கொடுத்திருந்தான்.

அவள் கையிலிருந்து போனவை திரும்பி வர ஆரம்பித்தன. "அக்காவோட கைராசி போயிடுச்சு போல" என்று ஒருவர் அவள் காதுபடவே சொன்னார். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் ஒரு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

நான் ஏங்கியது அந்தக் குரலுக்குத்தான். அதற்குமேல் எனக்கு ஒரு ஆசையும் இருந்ததில்லை. அன்றே இரண்டு திருகுகளையும் பழையபடி திருப்பியிருக்கலாம். ஆனால் அந்தக் குரல் நாள்தோறும் வந்தது. கதவைப் பூட்டினேனா, அடுப்பை அணைத்தேனா என்று வீட்டிலும் என்னைக் கேட்டாள். கல்யாணமான புதிது போலிருந்தது.

தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். மூச்சுக்கருவி இல்லாமல் அவரால் இருக்க முடியாது. மின்சாரம் போனால் அதை ஓட்ட ஒரு பேட்டரி உண்டு. தையல் வேலை செய்யும் அவர் மகள் அந்தப் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றக் கொண்டுவந்தாள். என்னைத் தாண்டிப்போய் என் மனைவியிடமே கொடுத்தாள். "எல்லாரும் ஆயிரம் சொல்லட்டும்க்கா. எனக்கு உங்க கைமேலதான் நம்பிக்கை."

மாலையில் என் மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, சுடுதுங்க. எனக்கென்னமோ சரியா படல. ஆனா மீட்டர் இன்னும் ஏறலைன்னு காட்டுது. ஒரு தடவை தொட்டுப் பாருங்க."

எழுந்துபோய்த் தொட்டேன். கையை வைக்க முடியவில்லை. அது யாருடைய பேட்டரி என்று எனக்குத் தெரியும். எதற்கு என்றும் தெரியும்.

"சார்ஜ் ஏறினா சுடத்தான் செய்யும்" என்றேன். "கை பொய் சொல்லும், மீட்டர் சொல்லாது. இன்னும் கொஞ்ச நேரம் விடு."

விட்டாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் மின்சாரம் போனது. மகள் தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தாள். பேட்டரி கருவியைத் தாங்கவில்லை. அவள் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி பேட்டரியை உடைத்துக் காட்டினார், உள்ளே காய்ந்து கிடந்தது. என் மனைவி யாரும் கேட்பதற்கு முன்பே, "நான்தான் சார். என் கைதான்" என்று சொல்லிவிட்டாள். அவர் என்னைப் பரிதாபத்தோடு பார்த்தார். அந்த மேசை வேலை முழுக்க அவளுடையது என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நாளை அவள் விசாரணைக்குப் போக வேண்டும். பவர் சப்ளையையும் மீட்டரையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை அவள் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது இரண்டையும் திறந்தேன். சூடேறவிட்டு, என் மீட்டரோடு ஒப்பிட்டு, எள்ளளவும் பிசகாமல் சரியாக வைத்தேன். நெயில் பாலிஷ் சீசாவின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவள் இப்போதெல்லாம் போட்டுக்கொள்வதில்லை.

சற்றுமுன் எழுந்து வந்தாள். "ஏங்க, ஒருவேளை மெஷின்ல ஏதாவது கோளாறு இருந்திருக்குமோ?" என்றாள். அந்தக் கேள்வியில் கடைசியாகக் கொஞ்சம் உயிர் இருந்தது.

"நீயே பாரு" என்று அவள் மீட்டரையும் என் மீட்டரையும் சேர்த்தே கொடுத்தேன். என் மீட்டரை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாளை நானும் கூடப் போகிறேன். இந்த நிலைமையில் அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.